பூனைக்குட்டி வரும் முன்னே

ஏற்காடு ஒண்டிக்கடையிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் முதல் தடவையாகப் பூனை வளர்க்கக் கேட்கும் பிள்ளைகளுக்கும், வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஏற்காட்டு வீடுகளுக்குப் பூனைக்குட்டியைப் பெரும்பாலும் யாரும் விலைக்கு வாங்கி வருவதில்லை. அதுவாக வந்து சேர்கிறது. விறகு அடுக்கின் இடுக்கு, காப்பிக் கிடங்கில் சாக்கு மூட்டைகளின் பின்புறம், கடைகளுக்குப் பின்னால் குவித்திருக்கும் அட்டைப் பெட்டிகள் என்று தாய்ப்பூனை இருட்டும் சூடும் பார்த்து ஈனுகிறது. குட்டிகள் கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள்ளேயே தாய் இரண்டு மூன்று இடம் மாற்றிவிடும். பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி பின்னங்கால்களைச் சுருட்டி, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். கவ்வும் பல் அதன் தோலில் பதிவதில்லை.

இந்த இடமாற்றத்துக்கு நடுவில்தான் தவறு நடக்கிறது. தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில், மூன்று நான்கு வாரக் குட்டி ஒன்று தனியாகக் கத்துவதைப் பள்ளி விட்டு வரும் பிள்ளை பார்க்கிறது. குட்டி பைக்குள் ஏறி வீட்டுக்கு வருகிறது. வீட்டில் "முதல்ல இதக் கொண்டுபோய் எடுத்த இடத்துல விட்டுட்டு வா" என்கிறார்கள். மறுநாள் காலையில் கொண்டுபோய் விடும்போது தாய் மற்றக் குட்டிகளோடு வேறு இடம் போயிருக்கும். பால்குடி மாறாத குட்டி மலைக்குளிரில் ஒரு இரவைத் தாண்டுவதே பெரிய காரியம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் குளிர் 13 டிகிரி வரை இறங்கும். பூனையின் உடல்சூடு 38 முதல் 39 டிகிரி. முதல் சில வாரங்களில் அந்தச் சூட்டைக் குட்டியால் தானாகக் காத்துக்கொள்ள முடியாது.

ஆகவே பூனை பற்றிய பேச்சு, குட்டி கைக்கு வரும் முன்பே வீட்டில் நடந்து முடிய வேண்டும். குட்டியை வாசலில் வைத்துக்கொண்டு நடக்கும் சண்டையில் எந்தப் பக்கம் வென்றாலும் துன்பப்படுவது குட்டிதான்.

வீட்டில் வேண்டாம் என்று சொல்பவர் பெரும்பாலும் அம்மா, அல்லது பாட்டி. இரக்கம் இல்லாததால் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பூனை வந்தால் பெருக்குவது யார், அதன் கழிவுத் தட்டில் மண் மாற்றுவது யார், ஊருக்குப் போனால் சோறு வைப்பது யார் என்ற கேள்விகளுக்கு விடை அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். வீட்டோடு வளரும் பூனை 12 முதல் 15 ஆண்டு வரை வாழும். அதைத் தாண்டுவதும் உண்டு. இன்று ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இன்னும் ஆறேழு ஆண்டில் சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ கல்லூரிக்குப் போய்விடும். பூனையின் பாதி ஆயுள் அப்போது மீதி இருக்கும். அந்தப் பாதி யாருடைய பொறுப்பு என்பதைப் பிள்ளை யோசிக்காமல் இருக்கலாம், அம்மா யோசித்துவிட்டார். கெஞ்சுவதாலும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வதாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. ஒரு மாதம் வீட்டு வேலை ஒன்றை, சொல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் செய்துகாட்டும் பிள்ளை கேட்டால் வீடு காது கொடுக்கும்.

அடுத்தது சகுனம். பூனை குறுக்கே போனால் போன காரியம் ஆகாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. அதைச் சொல்லும் பாட்டியைப் பகுத்தறிவு பேசி மடக்குவது பண்பும் இல்லை, பயனும் இல்லை. பூனையை அருகில் வைத்து மதித்ததும் இதே தமிழ் மரபுதான் என்று எடுத்துக்காட்டுவது நல்லது. தென்கலை வைணவம் சரணாகதியை விளக்க எடுத்துக்கொண்ட உவமையே பூனைதான். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை, தாயே தூக்கிச் செல்கிறது. இறைவன் உயிரைக் காப்பதும் அப்படித்தான் என்பது மார்ஜார நியாயம். கம்பர் தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். இளமைப் பெயர்களைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல், வெருகு என்ற காட்டுப்பூனையின் இளசுக்குக் 'குட்டி' என்ற பெயரை விதிக்கிறது. இஸ்லாமிய மரபிலும் பூனை அசுத்தமான பிராணி இல்லை. நபிமொழிகளை அதிகமாக அறிவித்த அபூஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். சகுனம் பார்க்கும் வீட்டுக்கு ஒரு நடைமுறை வழியும் உண்டு. வெளியே கிளம்பும் நேரத்தில் பூனையை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் குறுக்கே போகும் பேச்சே எழாது.

மனிதனோடு பூனை வந்து சேர்ந்ததற்குக் காரணமே தானியம்தான். மேற்காசியாவின் முதல் உழவர்கள் தானியம் சேர்த்தபோது எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்திய ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே பூனையின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆய்வாளர்கள் அதை 2004-இல் அறிவித்தார்கள். இந்தச் சேர்வராயன் மலையில் கேழ்வரகும் சாமையும் மூட்டை கட்டி வைக்கும் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எலிக்காக மட்டும் பூனை வளர்ப்பது சரியான கணக்கு ஆகாது. சில பூனைகள் எலி பிடிக்கவே பிடிக்காது. பட்டினி போட்டால் பிடிக்கும் என்பதும் தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், பசித்த பூனை வீட்டை விட்டுப் போய்விடும்.

உடல்நலம் பற்றிய அச்சங்களில் சில உண்மை, சில இல்லை. பூனை முடி தொண்டைக்குள் போனால் தொண்டை அடைப்பான் வரும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். அந்த நோய் ஒரு பாக்டீரியாவால் வருவது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசியிலேயே அதற்கான பாதுகாப்பு இருக்கிறது. பூனை முடிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஆஸ்துமா பற்றிய அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம்தான் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். பூனை உடம்பை நக்கும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, தூசியாக வீடு முழுக்கப் பறக்கிறது. பனிமூட்டத்துக்குக் கதவு ஜன்னல் அடைத்தே கிடக்கும் மலை வீடுகளில் இந்தத் தூசி வெளியேற வழி குறைவு. வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால், பூனை வளர்க்கும் தெரிந்தவர் வீட்டில் வெவ்வேறு நாளில் சில மணி நேரம் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண் அரித்து, மூச்சு இறுகினால் அந்த வீட்டுக்குப் பூனை வேண்டாம். பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் அந்த 'வேண்டாம்' நியாயமானது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்பதற்குப் பின்னால் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தையை அது பாதிக்கக்கூடும் என்பது உண்மை. அது பரவும் விதம் தெரிந்தால் அச்சம் அளவோடு நிற்கும். பூனையின் மலத்தில் வெளியேறும் அதன் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் வாய்ப்பு பெரிதும் குறையும். அள்ளும் வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது, வேறொருவர் செய்ய வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, வெறுங்கையோடு தோட்ட மண்ணைக் கிளறுவது ஆகியவற்றாலும் இதே தொற்று வரும் என்பதால், பூனை இல்லாத வீட்டிலும் இந்தக் கவனம் தேவை.

சைவ வீடுகளில் கேள்வி வேறு. தயிர்சாதம் போட்டு வளர்க்கலாமா என்று கேட்பார்கள். முடியாது. டாரின் என்ற சத்தை நாயின் உடல் தானே செய்துகொள்ளும். பூனையின் உடல் தேவையான அளவு செய்யாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. நெடுநாள் அது கிடைக்காத பூனைக்குப் பார்வை மங்கும், இதயம் வீங்கும். அடுப்படிக்குள் மீன் நுழையக் கூடாது என்றால் கடையில் விற்கும் உலர் தீவனத்தைத் தனிக் கிண்ணத்தில், பின்கட்டில் வைக்கலாம். அதிலும் மீனோ கோழியோதான் இருக்கிறது என்பதை மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லிவிடுவது முறை. அதுவும் கூடாது என்ற வீட்டில் பூனை வளர்ப்பது பூனைக்கு நியாயம் இல்லை.

எஸ்டேட் லயன் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் இன்னொருவர் சம்மதமும் வேண்டும். வீட்டுக்காரரிடமோ நிர்வாகத்திடமோ முன்னதாகக் கேட்டுவிட்டால் பின்னால் ஒரு நாளில் பூனையைத் தெருவில் விடும் கட்டாயம் வராது.

வீடு சம்மதித்த பிறகு குட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். தாயிடமிருந்து பிரிக்கக் குறைந்தது எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி பிற்காலத்தில் எளிதாகப் பழகும். ஆகவே தாயோடு இருக்கும்போதே தினமும் போய்ச் சிறிது நேரம் தொட்டுப் பழக்குவது பிள்ளைக்கு ஏற்ற வேலை. நலமான குட்டிக்குக் கண்ணில் பீளை இருக்காது, மூக்கு ஒழுகாது, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். காதைத் திருப்பிப் பார்த்தால் காப்பித்தூள் போலக் கருப்பாக உதிர்ந்தால் அது காதுப் பேன். மருத்துவரிடம் காட்டினால் தீரும். கருப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த குட்டி அநேகமாக எப்போதும் பெண்தான். முழுச் செம்மஞ்சள் குட்டிகளில் கடுவன்களே அதிகம்.

வந்த முதல் நாள் வீடு முழுவதையும் குட்டிக்குத் திறந்துவிடக் கூடாது. ஒரே அறை, ஒரு அட்டைப்பெட்டி, அதில் பழைய ஸ்வெட்டர், ஒரு மூலையில் தண்ணீர், எதிர் மூலையில் மண் தட்டு. அவ்வளவு போதும். குட்டி பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இழுக்கக் கூடாது. பிள்ளை தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும். ஒரு மணி நேரத்திலோ ஓர் இரவிலோ முதலில் மீசை தெரியும், பிறகு மூக்கு, பிறகு ஒரு முன்னங்கால். அது காற்றை முகர்ந்து திரும்ப உள்ளே போகும். மூன்றாவது நான்காவது தடவையில் பென்சில் நுனியைத் தொட்டுப் பார்க்க வரும். உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அது நட்பு என்று எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் சிமிட்டிய மனிதரிடம் பூனைகள் அதிகமாக அணுகி வந்தன. முதலில் பிடிக்காமல் இருந்த பெரியவரிடமே பல வீடுகளில் பூனை போய்ப் படுத்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான். அவர் அதை உற்றுப் பார்ப்பதில்லை, துரத்திப் பிடிப்பதில்லை.

மண் தட்டுக்குச் சலித்த ஆற்று மணல் போதும். பூனை தன் கழிவைப் புதைக்கும் பிராணி என்பதால் இரண்டு மூன்று நாளில் தானாகப் பழகும். சாப்பிட்டு எழுந்ததும் தட்டில் கொண்டு விட்டால் இன்னும் விரைவு. நாற்றம் வருகிறது என்றால் குறை பூனையுடையது அல்ல, தட்டு அள்ளப்படவில்லை என்று பொருள். காலையும் மாலையும் அள்ளி, வாரம் ஒரு முறை மணலை முழுதாக மாற்ற வேண்டும்.

பால் பூனைக்கு உரிய உணவு என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சின்னக் குட்டிக்கு அந்தப் போக்கே உயிருக்கு ஆபத்து. வேகவைத்த கோழி, உப்பில்லாத வேகவைத்த மீன், முட்டை நல்லவை. கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் குழம்பில் பிசைந்த சோறு கூடாது.

எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது. பூனைகளைத் தாக்கும் மூன்று வைரஸ் நோய்களுக்கு எதிரான ஊசி அது. அவற்றில் ஒன்றான பான்லுகோபீனியா வந்த குட்டி வாந்தியும் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் இறந்துபோகக்கூடும். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். முன்பு ஒரு குட்டி அப்படி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவரக் கூடாது. மூன்றாவது மாதம் முடியும்போது ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும். கீறலோ கடியோ பட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டிலேயே இருப்பது ஆபத்து.

பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி, ஆண்டில் இரண்டு மூன்று ஈற்று. ஒரு பூனைக்குத் தயங்கித் தயங்கிச் சம்மதித்த வீட்டில் ஓராண்டில் பத்துப் பூனை நின்றால், குட்டிகள் சாக்குப்பையில் ஏறித் தெருவுக்குத்தான் போகும். ஐந்தாறு மாதத்தில் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சை ஒன்றே இதற்கு வழி. பெண்பூனைக்கு வயிற்றைத் திறந்து செய்வதால் தையல் ஆற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கடுவனுக்கு எளிது, செய்துவிட்டால் சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் இரவில் சண்டைக்குப் போவதும் வெகுவாகக் குறையும். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் சேலத்துக்கு இறங்க வேண்டும். அங்கும் முடியாவிட்டால் நாமக்கல்லில் 1985-இலிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இறங்கும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையத் தின்ற பூனை வாந்தி எடுக்கும். எத்தனை மணி நேரம் முன்பு உணவை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காற்றோட்டமுள்ள மூடிய கூடையில், மேலே துணி போர்த்திக் கொண்டுபோவது நல்லது.

இந்த மலைக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. ஒண்டிக்கடை ரவுண்டானாவில் சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழாவின்போதும் வண்டிகள் முட்டி நிற்கும். குளிருக்கு ஒதுங்கும் பூனை, நின்றிருக்கும் காரின் சூடான என்ஜின் பக்கம் ஏறிப் படுத்துக்கொள்ளும். வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டினால் ஒரு உயிர் பிழைக்கும். தோட்டத்தில் மருந்தடித்த நாளில் பூனையை உள்ளேயே வைக்க வேண்டும்; காலில் ஒட்டியதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும். பூனை வந்த வீட்டில் எலி மருந்தும் எலிப்பசையும் இருக்கக் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் அந்த விஷம் ஏறும். பூந்தொட்டி நிறைந்த ஊர் இது. லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். காய்ச்சலாகத் தெரிகிறதே என்று பாரசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

விடியலிலும் அந்தியிலும் பூனையை வெளியே விடாமல் இருப்பது பறவைகளுக்கும் நல்லது. காப்பிச் செடிகளுக்கு நடுவே தாழக் கூடு கட்டும் கொண்டைக்குருவிகள் வீட்டுப் பூனைக்கு எளிதில் இரையாகின்றன. இரவில் தெருநாய்க் கூட்டம் திரியும் சந்துகளில் பூனையை உள்ளே படுக்கவைப்பது அதன் ஆயுளையே நீட்டும்.

எல்லாம் செய்தும் ஒரு வீட்டுக்கு ஒத்துவராமல் போகலாம். வேலை மாற்றலாகி ஊர் விட்டுப் போக நேரலாம், யாருக்காவது இழுப்பு அதிகமாகலாம். அப்போது பூனையை யார் எடுத்துக்கொள்வார் என்பதைக் குட்டி வரும் முன்பே, ஜெரினாக்காட்டிலோ நாகலூரிலோ இருக்கும் ஒரு உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் யாராவது சோறு போடுவார்கள் என்று விட்டுவருவதும், எஸ்டேட்டுக்குள் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று இறக்கிவிடுவதும் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, கிண்ணத்தில் தின்று வளர்ந்த பூனைக்கு வேற்றிடத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. விட்ட இடத்திலேயே இரண்டு மூன்று நாள், கொண்டுவந்து விட்டவர் போன திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.